பையை யார் பார்த்துப்பாங்க?

"அப்பா, அடுத்த கடையையும் வேண்டாம்னு சொன்னீங்கன்னா, நான் நடந்தே வீட்டுக்குப் போயிடுவேன்!"

கடுகு தெருவிலேயே நின்றுவிட்டாள். ஆள் குட்டை, வாய் நீளம். அதனால்தான் வீட்டில் அந்தப் பெயர்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் தீம் பார்க் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். படிப்பு முடிந்தது. விடுமுறையும் முடியப் போகிறது. டிராவல் ஏஜென்ட்டைத் தேர்ந்தெடுக்கும் படலம்தான் முடிகிற மாதிரி தெரியவில்லை.

அப்பா பஸ் டிரைவர். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்தால் ஆயிரம் குறை கண்டுபிடிப்பார். ஏஜென்ட் விஷயத்திலும் அதே புத்தி.

காலையில் முதலில் பார்த்த ஏஜென்ட்டுக்கு என்ன குறை? கண்ணாடிக் கதவு, ஏசி, ஆளுக்கொரு ஜூஸ். தங்குகிற அறை, கூட்டிப் போகிற வண்டி, சாப்பாடு என்று ஒன்று விடாமல் சொன்னார். அப்பா தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாரும் ரைடுல ஏறிட்டா, பையையெல்லாம் யார் பார்த்துப்பாங்க?"

"அதான் மேடம் இருக்காங்களே சார்!"

அப்பா எழுந்துவிட்டார். "யோசிச்சு சொல்றோம்."

வெளியே வந்ததும் கடுகு பிடித்துக்கொண்டாள். "அவர்கிட்ட என்னப்பா குறை?"

"சிரிப்பு சரியில்ல."

சிரிப்பு சரியில்லையாம்! இவர் என்ன, மாப்பிள்ளையா பார்க்கிறார்?

இரண்டாவது கடைக்காரன் இன்னும் கெட்டிக்காரன். பேச்சே இல்லை. போனில் வீடியோவைப் போட்டு நீட்டிவிட்டான். தண்டவாளத்தில் ஒரு வண்டி மெல்ல மேலே ஏறியது. தம்பி வாலு நாற்காலியிலேயே குதித்தான். கடுகு போனுக்கு இன்னும் கிட்டே குனிந்தாள். அவளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த அம்மாவின் மூச்சு காதில் பட்டது. வண்டி உச்சியில் நின்ற நொடியில் அந்த மூச்சும் நின்றது. வண்டி கீழே பாய்ந்த பிறகுதான் திரும்ப வந்தது.

"எல்லாம் சரி தம்பி," என்று அப்பா ஆரம்பித்தார். "பையை யார் பார்த்துப்பாங்க?"

கடுகுக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, அதான் அம்மா இருக்காங்களேப்பா! எப்பவும் அம்மாதானே?"

"பாருங்க சார், பாப்பாவே சொல்லிடுச்சு," என்றான் அவன். "மேடத்துக்கு ரைடு இல்லாம உள்ள போற டிக்கெட் மட்டும் போட்டுடலாம். பாதி விலைதான்."

பாதி விலை! அதற்கும் அப்பா எழுந்துவிட்டார்.

அந்தக் கோபத்தில்தான் இப்போது கடுகு தெருவில் நிற்கிறாள்.

"உங்களுக்குக் கூட்டிட்டுப் போக மனசில்ல. அதை நேரா சொல்லிடுங்க. ஏன் கடை கடையா ஏறி எங்களை முட்டாளாக்குறீங்க?"

அம்மாதான் நடுவில் வந்தாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, சுண்டுவிரலில் வாலுவின் தண்ணீர் பாட்டில்.

"விடுடி. போகலைன்னா குடியா முழுகிடும்?"

"உனக்கென்னம்மா! உனக்குத்தான் அதெல்லாம் பிடிக்காதே."

அம்மா பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

மூன்றாவது கடை ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. ஃபேன் கடகடவென்று ஆடியது. அப்பாவுக்குக் கிடைத்த நாற்காலிக்கு ஒரு கை இல்லை. ஏஜென்ட் பருமனான ஒரு அம்மா. விலையும் மற்ற இரண்டு பேரையும் விட அதிகம். இந்தக் கடைக்கு ஆயுசு ரெண்டே நிமிஷம்தான் என்று கடுகு நினைத்துக்கொண்டாள்.

அப்பா கேட்டார். "பையை யார் பார்த்துப்பாங்க?"

"பூட்டுற பெட்டி இருக்கு சார். வச்சுப் பூட்டிட்டு சாவியைக் கையில மாட்டிக்கலாம்." சொல்லிவிட்டு அந்த ஏஜென்ட் அம்மா, அப்பாவைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "அக்கா, வந்ததிலேர்ந்து நீங்க வாயே திறக்கலையே. நீங்க எதுல ஏறணும்?"

அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ கேட்ட மாதிரி. பின்னால் யாரும் இல்லை.

மடியில் இருந்த பையைக் கீழே வைத்தாள். எழுந்து போய், சுவரில் ஒட்டியிருந்த படத்தில் இருப்பதிலேயே உயரமான தண்டவாளத்தின் உச்சியில் விரலை வைத்தாள்.

"இதுல. மேல போனா என்ன தெரியும்னு பார்க்கணும். ரொம்ப நாளா."

கடுகுக்குச் சுருக்கென்றது. இதே கேள்வி அவள் காதில் முன்பே விழுந்திருக்கிறது. போன வருஷம் பொருட்காட்சியில், ராட்சத ராட்டினத்தை விட்டு இறங்கி அவள் ஓடி வந்தபோது, பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள். "மேல போனா என்னடி தெரியும்?" என்ன பதில் சொன்னோம் என்று கடுகு நினைத்துப் பார்த்தாள். பதிலே சொல்லவில்லை. அடுத்த ராட்டினத்தின் வரிசைக்கு ஓடிவிட்டாள். அப்பா மட்டும் அதைக் கேட்டபடி அங்கேயே நின்றிருந்தார்.

"நாலு டிக்கெட் போடுங்கம்மா," என்றார் அப்பா. "நாலும் முழு டிக்கெட்."

படியில் இறங்கும்போது அம்மாவும் வாலுவும் முன்னால் போனார்கள். கடுகு அப்பாவின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். குரலில் பழைய காரம் இல்லை.

"ஃபேன் ஆடுது, நாற்காலிக்குக் கை இல்ல, விலையும் அதிகம். இவங்களை மட்டும் எப்படிப்பா பிடிச்சுது?"

அப்பா கீழே போகிற அம்மாவையே பார்த்தார்.

"காலையிலேர்ந்து மத்தவங்க எல்லாரும் மூணு பேருக்குத்தான் டூர் போட்டாங்க. அப்படிப் போட்டவங்கள்ல நீயும் ஒருத்தி. இத்தனை வருஷமா நானும் அப்படித்தான் போட்டேன். நாம நாலு பேருடி."