நின்றுபோன ரத்தம்

"அப்பா, தண்ணி ஊத்தாதீங்க. நான் பாக்கணும்."

பட்டுப்புடவையோடு கழிப்பறைக் கதவைத் தட்டினேன். கூடத்தில் என் நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள்.

"பெத்த அப்பன்கிட்டப் பொம்பளப்புள்ள கேக்குறதாடி இது? நாலெழுத்து படிச்சா வெக்கம் போயிருமா?" என்றாள் அத்தை.

கதவு திறந்தது. பார்த்தேன். பீங்கானில் பளிச்சென்ற சிவப்பாக ரத்தம்.

"மூலம்தாம்மா. நின்னுபோச்சு. தட்டு மாத்துற வரைக்கும் பொறுத்துக்க," என்றார் அப்பா.

அவர் வயிற்றில் பெரிய ரத்தக்குழாய் வீங்கிய இடத்தில் செயற்கைக் குழாய் தைத்திருக்கிறார்கள். அது உரசிக் குடலில் ஓட்டை விழுந்தால் முதலில் கொஞ்சம் வந்து நின்றுவிடும், அடுத்தது நிற்காது என்று ஆபரேஷன் முடிந்த அன்றைக்கே டாக்டர் சொன்னார். வீட்டில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மனதில் வாங்கிக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்பா, இப்பவே," என்றேன்.

"இப்பப் போனா அவங்க திரும்பி வரமாட்டாங்கடி!"

"வர வேணாம் அத்தை."

அப்பாவின் கையைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது. கூடத்துக்கு வந்தோம். வரிசைத் தட்டுகளைச் சுற்றிப் போக நேரமில்லை. ஒன்றைக் காலால் ஒதுக்கிவிட்டு, அவரை நடத்திக்கொண்டு வாசலைத் தாண்டினேன்.