நாலாவது மாடி, தூண் பக்கம்

சிங்கப்பூரின் பொங்கோல் பேட்டையில், தன் வீட்டுக்குள் கார் சாவியை விரலில் சுழற்றியபடியே நுழைந்தார் மணிவண்ணன்.

“சாங்கியிலிருந்து இருபதே நிமிஷம். வண்டி வெண்ணெய் மாதிரி போகுது லா!”

எக்ஸ்பிரஸ்வேயில் லாரி வந்து மோதி எட்டு மாதம் ஆகிறது. கார் பட்டறையில் கிடந்தது, இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டும் தேறி வீடு வந்து சேர்ந்தன. ஆனால் விபத்து பயம் தீர மனநலக் கவுன்சிலர் என்ற பேச்சை எடுத்தாலே மனிதர் எகிறுவார். தேக்கா மார்க்கெட்டுக்குக் கூப்பிட்டால் மட்டும், பார்க்கிங் கிடைக்காது என்பார்.

“நாளைக்குக் கவுன்சிலரைப் பாத்துட்டு வரலாங்களா?” என்றாள் மனைவி பிரமிளா, அடுப்படியிலிருந்து.

“எதுக்கு? பயந்தாங்கொள்ளிதான் அங்க போவான். நான் தினமும் வேலைக்குக் கார் ஓட்டிட்டுப் போறேன், பாக்குறல்ல?”

“இன்னிக்கு எங்க பார்க் பண்ணீங்க?”

“எப்பவும் போல நாலாவது மாடியில, தூண் பக்கத்துல.”

பிரமிளா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

“கார் என் பேர்லதானே இருந்துச்சு? அதை வித்து மூணு மாசம் ஆச்சுங்க. உங்க கையில இருக்கிற சாவி மட்டும்தான் மிச்சம்.”

சுழன்ற சாவி நின்றது. மணிவண்ணன் அதை மேசை மேல் வைத்தார்.

“கவுன்சிலர் எத்தனை மணிக்கு?”

“பத்தரைக்கு. நீங்க தினமும் போற மாதிரி எம்ஆர்டி ரயில்லயே போயிடலாம்.”