மச்சான் வாங்கி வந்த டயர்

பொட்டலத்தைப் பழைய போர்வையில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறுகையால் சைக்கிளைத் தள்ளியபடி கணக்கு வாத்தியார் தெருவோரமாகவே நடந்தார். யாராவது பார்த்தால், எங்கேயோ சுருட்டிய பொருளை விற்கப் போகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவருக்கே அப்படித்தான் இருந்தது.

"மச்சான் வெளிநாட்டுலேர்ந்து வாங்கிட்டு வந்தான்." ஒரு தரம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சைக்கிளுக்கு எத்தனை சக்கரம் என்று கேட்டாலே யோசிக்கிற மச்சான் அவன், அது வேறு விஷயம்.

வாசலில் பெடலைக் கழற்றிக்கொண்டிருந்த சைக்கிள் கடைக்காரர் நிமிர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வாத்தியார் பொட்டலத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

போன வாரம் இதே இடத்தில்தான் வாத்தியார் நின்று, "பந்தயத்துக்கும் ஆகணும், லீவு நாள்ல ரொம்ப தூரம் போறதுக்கும் ஆகணும், விலையும் கட்டுப்படியாகணும் அண்ணே" என்று கேட்டிருந்தார். கடைக்காரர் கைவேலையைப் போட்டுவிட்டு, டயர்களை ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டினார்.

"இது மெல்லிசு, பறக்கும். ஆனா ஒரு கண்ணாடிச் சில்லு போதும், பாதி வழியில உக்காந்துடுவீங்க. இந்தத் தடியன் பஞ்சரே ஆகமாட்டான், ஏத்தத்துல உங்க உயிரை வாங்கிடுவான்." பிறகு நடுத்தரமாக ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். "இருபத்தெட்டு மில்லிமீட்டர் அகலம். உள்ள ஒரு பட்டை இருக்கு, முள்ளு அவ்வளவு சீக்கிரம் இறங்காது. உங்களுக்கு இது போதும் சார். இதுக்கு மேல விலை குடுத்தா அது காலுக்கு இல்ல, பெருமைக்கு. நான் சொல்ற விலையில மாட்டிக் குடுக்கறதும் சேத்திதான்."

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று கிளம்பிய வாத்தியார், வீட்டில் கேட்டது செல்போனைத்தான். அதே டயர், அதே அகலம், ஏதோ ஒரு இணையக் கடையில் விலை குறைவாகக் கிடந்தது. விரல் சும்மா இருக்கவில்லை, ஒரு ஜோடி வாங்கிவிட்டது. பார்சல் வந்த குஷியில் அந்தக் கடைக்குப் பாராட்டு வேறு எழுதிவிட்டார்: 'அருமையான சரக்கு. எங்கள் ஏரியா கடைக்காரன் கொள்ளைக்காரன்.'

இரண்டாவது வாக்கியம் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. செய்த காரியத்துக்கு ஒரு நியாயம் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த டயர் சக்கரத்தில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. முதல் டயரோடு மல்லுக்கட்டியதில் கட்டைவிரல் வீங்கி, ட்யூபும் கிழிந்தது. விடிந்தால் பந்தயம். அந்த வட்டாரத்தில் வேறு சைக்கிள் கடையும் கிடையாது.

"அந்த மனுஷன் தொண்டைத் தண்ணி வத்தப் பேசினாரு. இப்போ எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போகப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள். அவர் போர்வையை மட்டும் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"என்ன சார், போர்வையோட வர்றீங்க? காய்ச்சலா?"

"இல்லண்ணே... மச்சான் வெளிநாட்டுலேர்ந்து டயர் வாங்கிட்டு வந்தான். வேணாம்னேன், கேக்கல."

கடைக்காரர் போர்வையைப் பிரித்தார். இரண்டாவது டயர் பார்சலில் வந்தபடியே, பழைய ட்யூபிலிருந்து நறுக்கிய கறுப்புப் பட்டையால் கட்டப்பட்டிருந்தது. அவர் பட்டையை அவிழ்த்து, ஆணியில் தொங்கிய மற்ற பட்டைகளோடு மாட்டிவிட்டு, டயரைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்க மச்சானுக்கு நல்ல கண்ணு சார். நான் சொன்ன அதே டயர், அதே அகலம்."

"ஆமாண்ணே. அவனுக்கு இதுல கொஞ்சம் ஆர்வம் ஜாஸ்தி."

"ரொம்ப நன்றின்னு நான் சொன்னதாச் சொல்லுங்க."

எதற்கு நன்றி என்று கேட்க வாத்தியாருக்குத் துணிச்சல் வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினார். டயர் சொன்ன பேச்சைக் கேட்டு விளிம்புக்குள் போய் உட்கார்ந்தது.

"காத்து கொஞ்சம் கம்மியாத்தான் அடிச்சிருக்கேன். கல்லு மாதிரி அடிச்சா வேகம் வரும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. மேடு பள்ளத்துல குதிச்சுக் குதிச்சே இருக்கற வேகமும் போயிடும்."

"சரிண்ணே. எவ்வளவு ஆச்சு?"

"மாட்டின கூலி மட்டும் குடுங்க. கிழிஞ்சதுக்குப் பதிலா புது ட்யூப் போட்டிருக்கேன், அது என் கணக்கு. நாளைக்கு நல்லா ஓட்டிட்டு வாங்க."

அதோடு வாத்தியாருக்குத் தாங்கவில்லை. கடைக்காரர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"அண்ணே, மச்சான்லாம் வாங்கிட்டு வரல. நெட்டுல வாங்கினேன். உங்களை அவ்வளவு நேரம் பேச வெச்சிட்டு, முகம் தெரியாத எவன்கிட்டயோ போய்ப் பணத்தைக் குடுத்துட்டேன். பெரிய தப்பு பண்ணிட்டேன்."

கடைக்காரர் கிரீஸ் கையைத் துணியில் நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும் சார், அந்தப் பார்சலைக் கட்டினதே நான்தான், கொள்ளைக்காரன்னு எழுதினதை மட்டும் எடுத்துடுங்க."