நாடு கடத்தல்

"பவித்ராவை நாடு கடத்தணும்னு தீர்மானம் கொண்டு வரேன்" என்றபடி அனீஸ் ஒரு சீட்டை மேசையில் வைத்தான்.

"இன்னைக்கும் அவளா?" என்றாள் ரஞ்சனி.

ஸ்ரீரங்கத்தில் சித்தார்த்தின் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. ஞாயிறு மதியங்களில் நான்கு பேர் அங்கே கூடி 'அரசவை' ஆடுவார்கள். காசு வைக்காத சீட்டாட்டம். படை, அமைச்சர், தீர்மானம் என்று சீட்டுகளை வாங்கியும் தங்களுக்குள் மாற்றியும் அவரவர் சீட்டுக்கட்டை அவரவரே சேர்த்துக்கொள்ள வேண்டும். படை வைத்திருப்பவர் அடித்து ஜெயிக்கலாம். இல்லையென்றால் தீர்மானம் கொண்டுவந்து, ஓட்டு வாங்கி, எதிராளியை அன்றைய ஆட்டத்தை விட்டே அனுப்பலாம். இறக்கும் ஒவ்வொரு அமைச்சரும் ஒரு கூடுதல் ஓட்டு.

மேசைக்கு ரஞ்சனிதான் தலைவி. வங்கியில் வேலை. ஆட்டத்தில் இருக்கும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம். ஒருத்தர் பாதியில் போனால் மற்ற மூவரின் கணக்கும் குலைந்துவிடும். போன் வந்தது என்று ஒருமுறை எழுந்ததற்காக விலக்கப்பட்ட மஹ்ஜபீனின் நாற்காலி இன்னும் மூலையில் காலியாகக் கிடக்கிறது.

"நான் எதிர்ப்பு" என்றாள் ரஞ்சனி.

"நானும்தான். என் ராஜ்யத்தை நானே விட்டுக் கொடுப்பேனா?" பவித்ரா தன்னிடமிருந்த ஒரே அமைச்சரையும் இறக்கினாள்.

அனீஸ் தன் அமைச்சர்களை வரிசையாகப் பரப்பிவிட்டு சித்தார்த்தைப் பார்த்தான். "ஓட்டை எனக்குப் போடு. இனிமே உன் கோட்டைப் பக்கம் வரமாட்டேன்."

"நிஜமா?"

"நிஜமா."

"அப்ப ஆதரவு" என்றான் சித்தார்த்.

பவித்ரா சிரித்தாள். சீட்டுகளைத் தட்டி ஒழுங்காக்கிப் பையில் போட்டாள்.

"வரேன்க்கா."

படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கித் தேய்ந்தது. ரஞ்சனி தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள்.

"முன்னெல்லாம் தோத்தாலும் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பா. இப்ப ஒரு நிமிஷம் நிக்கறாளா? அனீஸ், அவமேல உனக்கு என்ன கோபம்?"

"கோபமெல்லாம் இல்லக்கா."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் அவளையே விரட்டறே? படை வெச்சு நல்லாத்தானே ஆடிக்கிட்டிருந்தே?"

அது உண்மை. போன மாதம்தான் அவன் படையைக் கலைத்துச் சீட்டுக்கட்டையே மாற்றியிருந்தான். தங்க ஓரம் போட்ட சேனாபதிச் சீட்டை யாருக்கும் தொடக்கூடக் கொடுக்கமாட்டான். அதையே சித்தார்த்திடம் கொடுத்து, பதிலுக்குத் தீர்மானச் சீட்டுகளை வாங்கியிருந்தான்.

"எனக்கும் அதான்க்கா புரியல" என்றான் சித்தார்த். "இந்தச் சீட்டுக்கட்டை வெச்சு இவன் ஜெயிக்கவே முடியாது. கையில இருக்கற ஓட்டையெல்லாம் பவித்ரா மேல கொட்டிட்டு, அப்புறம் எங்கிட்ட அடி வாங்கறான்."

"நீ பேசாதே. ஓட்டுப் போட்டதே நீதான்."

"சும்மா சமாதானம் தரேன்னா யாருதான்க்கா வேண்டாம்பாங்க?"

ரஞ்சனி சிரிக்கவில்லை. "ஒரு பொண்ணை இப்படி அவமானப்படுத்தறவனுக்கு இந்த மேசையில இடம் இல்ல, அனீஸ். நாளைக்கு அவ வராமலே போயிட்டா?"

அனீஸ் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். பிறகு மெதுவாக, "இன்னும் ரெண்டு வாரம் மட்டும் இருந்துக்கறேனேக்கா" என்றான்.

"எதுக்கு? அந்த ரெண்டு வாரமும் அவளை விரட்டவா?"



அனீஸை விலக்க ரஞ்சனி கையைத் தூக்கினாள். மின்விசிறியைப் பார்த்தபடியே சித்தார்த்தும் தூக்கினான்.

அனீஸ் தன் சீட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

ரஞ்சனி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்தில் பவித்ரா நின்றிருந்தாள். இந்த நல்ல செய்தியை உடனே சொல்லிவிட வேண்டும் என்று ரஞ்சனி படிகளில் ஓடினாள்.

"பவி! நல்லவேளை, பஸ் வரல. அனீஸை அனுப்பியாச்சு. இனிமே அவன் வரமாட்டான். அடுத்த ஞாயித்துக்கிழமை நீ நிம்மதியா கடைசி வரைக்கும் ஆடு."

பவித்ராவின் முகம் வெளுத்தது.

"ஐயோ, ஏன்க்கா?"

"ஏன்னா? அவன் பண்றது அநியாயம் இல்லையா?"

"அவன் வரலைன்னா நானும் வரமுடியாதுக்கா." பவித்ரா பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அம்மாவுக்கு இடுப்புல ஆபரேஷன். புத்தூர்ல ஆஸ்பத்திரியில இருக்காங்க, வீட்டுக்கு அனுப்ப இன்னும் ரெண்டு வாரம் ஆகும். சாயந்திரம் கொஞ்ச நேரம்தான் உள்ள விடுவாங்க. இந்த பஸ்ஸை விட்டா பாக்க முடியாது. ஆட்டத்துல பாதியில எழுந்தா என் நாற்காலி போயிடும். வாரத்துல இந்த ஒரு மதியம்தான் எனக்குன்னு இருக்கு. அதான், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா என்னைத் தோக்கடிச்சு அனுப்பிடுன்னு அனீஸ்கிட்ட நான்தான் கேட்டேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னும் சொன்னேன். அவனைத் திரும்பக் கூப்பிடுங்கக்கா."



"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சட்டத்தையே மாத்தியிருப்பேனே பவி!"

பஸ் வந்து நின்றது. பவித்ரா ஏறி, படியில் நின்றபடி திரும்பினாள். குரலில் கோபம் இல்லை.

"மாத்தியிருப்பீங்கக்கா. அப்புறம் பாவம்னு எல்லாரும் என்னை ஜெயிக்கவும் விட்டிருப்பீங்க."