கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்

விருந்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு ஆங்கிலச் சொல்லைக் கேட்பதும், பேராசிரியர் அதன் வேரைச் சொல்வதும் அந்த வீட்டு வழக்கம். "கம்பேனியன்னா லத்தீன்ல, கூட உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுறவங்கன்னு அர்த்தம்" என்கிறார், கோழிக்கால் மணக்கும் விரலை ஆட்டியபடி. எப்போதும் சமையலறையில் நின்றபடியே கடைசியாகச் சாப்பிடும் அவர் மனைவி, இன்று துணிந்து தனக்கும் அவர் பக்கத்தில் ஒரு தட்டு வைத்திருக்கிறாள். "உட்காருங்க அண்ணி" என்கிறார் நண்பர் ஒருவர். அவள் ஆசையாக நாற்காலியை இழுக்கிறாள். "அவளுக்கு என்னப்பா அவசரம்? நீ சாப்பிடு" என்று சிரித்துக்கொண்டே, கடித்த எலும்பை அவளுடைய தட்டில் போடுகிறார் பேராசிரியர். "சரி, அடுத்த வார்த்தை?" எல்லோரும் யோசிக்கிறார்கள். சத்தம் வராமல் நாற்காலியை உள்ளே தள்ளுகிறாள் அவள்.