ஆறு அழைப்புகள்

போன் அடித்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

திரை ஒரு நொடி கறுத்தது. பிறகு பால்காரர் தன் வண்டியோடு, விட்ட இடத்திலிருந்தே, வாத்துகள் துரத்தத் துரத்த ஓடத் தொடங்கினார்.

"ஒண்ணு," என்றேன்.

எங்கள் அலுவலகத்தில் போன் அடித்தால் யாரும் ஹலோ சொல்வதில்லை. துண்டித்துவிட்டு, ஆட்டம் திரும்பி வருகிறதா என்று பார்ப்போம். பழக்கதோஷம், வீட்டில் அம்மா கூப்பிட்டாலும் என் கட்டைவிரல் அதையேதான் செய்கிறது. அவர் என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது.

ஹாலிஃபாக்ஸில், கம்பளக் கடையின் மேல்மாடியில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். டோரீன் தனியாளாகத் தொடங்கியது. கையில் வைத்து ஆடும் கருவிகளுக்குப் பதினோரு ஆட்டங்கள் செய்தோம். அந்தச் சந்தை படுத்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்காமல் செல்பேசிக்கு மாறினோம். முழு ஆட்டமும் அறுபத்து நான்கு கிலோபைட்டுக்குள் அடங்கியாக வேண்டும். அதற்காக மாடுகளின் மேலிருந்த புள்ளிகளைக்கூட அழித்திருக்கிறோம்.

இந்தப் பால்காரர் இன்று மாலை ஐந்து மணிக்குள் செல்பேசி கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தால் கிறிஸ்துமஸுக்கு விற்பனைக்கு வருவார். இல்லாவிட்டால் நாங்கள் ஒன்பது பேரும் வேறு வேலை தேட வேண்டும்.

போய்ச் சேர்ந்துவிட்டால், ஆட்டத்தை வெளியிடும் லண்டன் கம்பெனியே நினைத்தாலும் நிறுத்த முடியாது. ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியைச் சண்டை போட்டு எழுதவைத்தவர் டோரீன். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. டெர்பியில் எங்களைப் போன்ற ஒரு சின்ன ஸ்டுடியோவின் ஆட்டத்தை லண்டன்காரர்கள் போன மாதம்தான் பாதியில் நிறுத்தினார்கள். முதலில் அவர்களுடைய மேலாளர் ரூபர்ட் போனில் கூப்பிட்டு மிகவும் வருத்தப்படுவார். கடிதம் மறுநாள் வரும்.

செல்பேசி கம்பெனியின் நிபந்தனை எளிது. ஒரே ஆட்டத்தில் ஆறு அழைப்புகள் வர வேண்டும், ஆறு முறையும் ஆட்டம் பத்திரமாகத் திரும்ப வேண்டும். ஒன்றாவது கடைசிக் கட்டத்தில் வர வேண்டும். போன வாரம் வரை ஒவ்வொரு அழைப்புக்கும் பால்காரர் செத்துக்கொண்டிருந்தார்.

கூப்பிடுவது நெவிலின் வேலை. எப்போது வரும் என்று எனக்குத் தெரியக்கூடாது என்பதால், கீழே கம்பளக் கடைக்குள் உட்கார்ந்துகொண்டு கூப்பிடுவான்.

இரண்டு மணிக்கு டோரீனே சோதனைப் போனின் முதுகைக் கழற்றி வேறொரு சிம் கார்டைச் செருகிக் கொடுத்தார்.

"பழைய கார்டுல காசு தீந்துபோச்சு, கண்ணு. அடிச்சா கட் பண்ணு, நீ பாட்டுக்கு ஆடிக்கிட்டே இரு."

பிறகு மேசைக்குப் போய் அலுவலகப் போனைக் காதில் வைத்தவர் இன்னும் கீழே வைக்கவில்லை. அவருடைய அக்காவாக இருக்கும். டோரீன் பக்கத்திலிருந்து "ம்" மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

இரண்டாவது அழைப்பு இருபது நிமிடம் கழித்து வந்தது. மூன்றாவது அதற்குப் பத்து நிமிடம் கழித்து. நான்கும் ஐந்தும் ஒரே நிமிடத்துக்குள். நெவிலுக்கு வெறி பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பால்காரர் ஐந்து முறையும் உயிரோடு வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்கரைக்குக் கடைசிக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். சர்ச் உயரத்துக்கு ஒரு வாத்து. கையில் ஒரே ஓர் உயிர் மிச்சம்.

அழைப்பு வரவில்லை.

வாத்தைக் கொல்லாமலும், நான் சாகாமலும் சுற்றிச் சுற்றி ஓடினேன். நான்கே முக்கால் ஆனது. கட்டைவிரல் மரத்துவிட்டது.

"கீழ போய் நெவிலுக்கு ஒரு சத்தம் குடுங்களேன்."

டோரீன் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தார். "வரும். அவ்ளோ லேசுல விடற ஆளா அது?"

நான்கு ஐம்பதுக்குப் போன் அடித்தது.

சிவப்புப் பொத்தான். திரை கறுத்தது. பிறகு வாத்து அலகைத் திறந்தபடி வந்தது, பால்காரர் அதன் காலிடுக்கில் புகுந்து மறுபக்கம் போய்விட்டார்.

"ஆறு."

டோரீன் ஆட்டத்தை அனுப்பினார். ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது, பெற்றுக்கொண்டோம் என்று செல்பேசி கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அலுவலகப் போனைக் கீழே வைத்தார்.

நெவில் படியேறி வந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. முதுகில் தட்டி, கடைசி அழைப்பு பிரமாதம் என்றேன்.

"எந்தப் போனுடா? ரெண்டு மணிலேந்து பல் டாக்டர்கிட்ட வாயப் பொளந்துட்டுக் கெடக்கேன். இன்னைக்கே போய்ப் புடுங்கிட்டு வான்னு டோரீன்தான் தொரத்துனாங்க."

கார்டில் காசு தீர்ந்தால் நாம்தான் யாரையும் கூப்பிட முடியாது. வருகிற அழைப்புக்கு ஒரு குறையும் இல்லை. நான்கு வருடமாகப் போனைச் சோதித்தே சோறு தின்கிறவனுக்கு இது அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

டோரீன் சோதனைப் போனிலிருந்து கார்டை நகத்தால் நெம்பி எடுத்தார். கைப்பையிலிருந்த தன் சொந்தப் போனில் போட்டு மூடினார். உயிர் வந்த கையோடு அது அடித்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பச்சைப் பொத்தானை அழுத்தி அன்றுதான் பார்த்தேன்.

"சொல்லுங்க ரூபர்ட். மத்தியானத்துலேந்து உங்க போனுக்காகத்தான் உக்காந்துட்டிருக்கோம்."