பாறையேற்றத்தில் முதல் கியர்

முதல் கியரைப் போட்டு கிளச்சை விட்டாள்.

ஜீப் பின்னால் போனது.

பிரேக்கை மிதித்தாள். கியரைப் பார்த்தாள். முதல் கியர்தான். மறுபடி போட்டாள். மறுபடியும் பின்னால்.

ஜீப் ஸ்டாண்டு மொத்தமும் சிரித்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புது எஞ்சினுக்குத் தோதாகப் பின் அச்சையும் மாற்றியிருந்தாள். அதைத் தலைகீழாக மாட்டிவிட்டாள். சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. காலையில் பட்டறையிலிருந்து கியர் போட்டு வந்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். இறக்கம்தானே, டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தாள். மலையில் எல்லாரும் செய்வதுதான்.

ஸ்டியரிங்கை ஒரு குத்து குத்தினாள். வெட்கத்தால் இல்லை. தன்மேல் வந்த கோபம்.

ஓடிப்போன புருஷன் பழைய எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றி விற்றுவிட்டுத்தான் ஓடினான். கூடாக நின்ற ஜீப்புக்குள், காயலான் கடையில் கிடந்த வேனின் டீசல் எஞ்சினை அவளே இறக்கினாள். அதன் கியர்பாக்ஸையும் சேர்த்து. வெட்டினாள், வெல்டிங் வைத்தாள், பொருந்தாததை மறுபடி வெட்டினாள். முழங்கை வரை தீப்பொறித் தழும்புகள்.

எஞ்சின் மாற்றிய வண்டி ஆள் ஏற்றிக்கொண்டு, ஸ்டாண்டுக்கு எதிரே செங்குத்தாகப் போகும் பாறையேற்றத்தில் ஏறிக் காட்ட வேண்டும். வழியில் நிற்கக் கூடாது. ஏறாத வண்டிக்கு ஸ்டாண்டில் சவாரி முறை கிடையாது. இது ஸ்டாண்டின் சட்டம்.

முறை போனால் பிழைப்பும் போச்சு.

ஸ்டாண்டுத் தலைவர் வீரணன் ஜீப்பின் பின்பக்கம் வந்தார். உள்ளே ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எறங்குங்கத்தா. அடுத்த வண்டியில ஏறுங்க."

அடுத்த வண்டி அவருடைய மச்சினனுடையது. காலியாகப் போகிற அவள் முறையும் அவனுக்குத்தான்.

ரிவர்ஸ் போட்டால் முன்னால் ஏறும். ஆனால் அந்தக் கியரின் பல் தேய்ந்திருந்தது. சுமையோடு மேட்டில் ஏறினால் துள்ளி வெளியே வந்துவிடும். அதைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

முதல் கியரின் பல்லை மட்டும் புத்தம் புதிதாகப் போட்டிருந்தாள்.

ஸ்டியரிங்கை ஒடித்தாள். சமதளத்திலேயே ஜீப்பைத் திருப்பினாள். மலைக்கு முதுகு. ஸ்டாண்டுக்கு முகம்.

வீரணனின் சிரிப்பு நின்றது.

"என்ன பண்ற நீ?"

"ஏறணும்னுதான சட்டம்? மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கணும்னு சொல்லலையே."

உள்ளே ஒருத்தி இறங்க எழுந்தாள். பின்கடைசியில் இருந்த பாண்டியம்மா அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"நனைஞ்ச பெறகு முக்காடு எதுக்குடி? ஒக்காரு."

முதல் கியர்.

ஜீப் பின்னாலேயே ஏறத் தொடங்கியது. கழுத்தைத் திருப்பினால் பெண்களின் தலைகள்தான் தெரிந்தன. பாதை தெரியவில்லை.

"வலது பக்கம் ஒடி... போதும், போதும்... நேரா வா."

பாண்டியம்மாதான் கண்.

நடுப்பாறையில் பின்சக்கரம் வழுக்கியது. ரப்பர் கருகும் வாசம். மேட்டுப் பக்கம் இருக்கும் சக்கரத்தில் பாரம் நிற்காது. நின்றால் தோற்றாள்.

"எல்லாரும் பின்னால போங்க! கடைசிக்கு!" ஸ்டியரிங்கை விடாமல் கத்தினாள்.

போனார்கள். ஒருத்தி மடிமேல் ஒருத்தி. ஒருத்தி மாரியாத்தாளைக் கூப்பிட்டாள், இன்னொருத்தி இவளுடைய ஓடிப்போன புருஷனைத் திட்டினாள். அவர்கள் பாரம் முழுக்கச் சக்கரத்தின்மேல் இறங்கியது.

சக்கரம் பாறையைக் கவ்வியது.

முன்கண்ணாடி வழியாக ஸ்டாண்டு சிறிதாகிக்கொண்டே போனது. சிரித்த வாய்கள் திறந்தபடி இருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே ஏறினாள்.

உச்சி.

பெண்கள் குதித்து இறங்கினார்கள். அச்சைப் புரட்டி மாட்ட ஒரு பகல் வேலை. ஆகட்டும். கூட மாட ஆளா இல்லை?

அங்கே இடம் குறுகல். ஏறி வருகிற எந்த டிரைவரும் இறங்குவதற்கு முன்னும் பின்னும் போய், வேர்த்து விறுவிறுத்துத்தான் வண்டியைத் திருப்புவான்.

அவள் திருப்ப வேண்டியிருக்கவில்லை. ஜீப்பின் முகம் ஸ்டாண்டைப் பார்த்துத்தான் இருந்தது.

ஹாரனை அழுத்தினாள். கையை எடுக்கவில்லை.

கீழே, வரிசையின் தலைமாட்டில் நின்ற மச்சினனின் ஜீப் மெல்லப் பின்னால் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டது.